உசுப்பிய செல்லைத்தான் எச்.ஐ.வி. பிடிக்கும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ‘எதிர்ப்பு சக்தி’ பற்றியவை. அவற்றில் எச்.ஐ.வி.யைச் சேர்த்துக் கேட்டவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டேன். மற்றவை அடுத்த இதழில்.

கேள்வி: மேடம், எச்.ஐ.வி. சிடி4 டி செல்களை அழிக்கிறது என்று படிக்கிறோம். அந்தச் செல்கள்தானே உடம்பின் காவல் படை? படை விழிப்பாக இருந்தால் வைரஸ் தோற்க வேண்டும். ஆனால் எங்கள் பேராசிரியர், ‘தூண்டப்பட்ட டி செல்லில்தான் எச்.ஐ.வி. நன்றாக வளரும்’ என்கிறார். எப்படி?
— உயிரியல் மாணவி, பாளையங்கோட்டை

பதில்: உங்கள் பேராசிரியர் சொன்னது சரி. எச்.ஐ.வி. ஆய்வகத்தில் வேலை பார்த்த எங்களுக்கு இது கண்ணால் பார்த்த விஷயம்.

நோயாளியின் ரத்தத்திலிருந்து வைரஸை வளர்த்தெடுக்க, தொற்று இல்லாத ஒருவரின் வெள்ளையணுக்களைப் பிரித்து, அவற்றோடு சேர்த்து வளர்ப்போம். ரத்த வங்கியிலிருந்து வந்த செல்களை அப்படியே போட்டால் காரியம் ஆகாது. முதலில் அவற்றை உசுப்பிவிட வேண்டும். அதற்குப் பயன்படுவது பி.எச்.ஏ. என்ற புரதம். ராஜ்மா பயறிலிருந்து எடுப்பது. அதைப் போட்டு இரண்டு மூன்று நாள் கழித்து ஃபிளாஸ்க்கை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் அடியில் மணல் மணலாகக் கட்டிகள் தெரியும். மைக்ரோஸ்கோப்பில் வைத்தால், முந்தாநாள் சின்னஞ்சிறு உருண்டையாக இருந்த செல்கள் பருத்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, சில இரண்டாகப் பிரிந்துகொண்டு இருக்கும். செல்கள் அவ்வளவு வேகமாகத் தின்று அமிலத்தைக் கக்குவதால், சிவந்திருந்த ஊட்டத் திரவம் மஞ்சளாகத் திரும்பும். அதன்பிறகு ஐ.எல்-2 என்ற சைட்டோகைனைச் (செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்லச் சுரக்கும் புரதம்) சேர்த்து நோயாளியின் செல்களோடு கலந்தால், அடுத்தடுத்த எலிசா சோதனைகளில் வைரஸின் பி24 புரதம் ஏறிக்கொண்டே போகும். உசுப்புவதற்கு முன்னும் பின்னும் அதே ஆளின் அதே செல்கள்தான். இடையில் போய்ச் சேர்ந்தது ஒரு சமிக்ஞை.

உடம்புக்குள் இந்த வேலையைச் செய்வது ராஜ்மா புரதம் இல்லை. வேறொரு கிருமியின் துண்டை ஒரு டென்ட்ரிடிக் செல் கொண்டுவந்து காட்டும். டி செல் அதை அடையாளம் கண்டுகொள்ளும். சுற்றியிருக்கும் செல்கள் சைட்டோகைன்களைச் சுரக்கும். இப்படி விழித்த டி செல்லில் மூன்று மாற்றங்கள் எச்.ஐ.வி.க்குச் சாதகமாக நடக்கின்றன.

முதலாவது செல்லின் மேற்பரப்பில். உள்ளே நுழைய வைரஸுக்கு சிடி4 மட்டும் போதாது, சிசிஆர்5 என்ற இரண்டாவது புரதமும் வேண்டும். இது 1996-ல் தெரிய வந்தது. இதுவரை எந்தக் கிருமியையும் சந்திக்காத டி செல்லில் சிசிஆர்5 அநேகமாக இருக்காது. ஒருமுறை சண்டை போட்டு அனுபவம் பெற்ற செல்லில், அதுவும் மறுபடி தூண்டப்பட்ட செல்லில், அது ஏராளமாக இருக்கும்.

இரண்டாவது மாற்றத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். வைரஸ் தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றினால்தான் நம் மரபணுவுக்குள் ஒட்டிக்கொள்ள முடியும். டி.என்.ஏ. கட்ட மூலப்பொருள் வேண்டுமே? ஓய்வில் இருக்கும் செல்லில் அது மிகக் குறைவு. சாம்எச்டி1 என்ற நொதி அதை உடைத்துக்கொண்டே இருக்கும். வைரஸ் நுழைந்துவிட்டாலும் பாதி டி.என்.ஏ.வோடு நின்றுபோகும். இப்படிப் பாதியில் நிற்பதை 1990-லேயே பார்த்துவிட்டார்கள். நொதிதான் காரணம் என்று தெரிய 2011, 2012 ஆகிவிட்டது. செல் விழித்து, பிரிவதற்குத் தயாரானதும், செல்லின் சொந்த நொதிகளே சாம்எச்டி1 மேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டி, வைரஸைத் தடுக்கும் அதன் வேலையை நிறுத்திவிடுகின்றன. செல் தன் டி.என்.ஏ.வை நகலெடுக்க மூலப்பொருளைச் சேர்த்துக்கொள்கிறது. வைரஸும் அதையே எடுத்துக்கொள்கிறது.

மூன்றாவது, மரபணுவுக்குள் உட்கார்ந்த வைரஸை இயக்குவது. டி செல் தூண்டப்பட்டால் என்எஃப்-கப்பா-பி என்ற புரதம் உட்கருவுக்குள் போய், நோயெதிர்ப்பு மரபணுக்களை முடுக்கிவிடும். அதே புரதம் வந்து உட்காரும் இடங்கள் எச்.ஐ.வி.யின் மரபணுவிலும் இருக்கின்றன என்று 1987-ல் கேரி நேபலும் டேவிட் பால்ட்டிமோரும் காட்டினார்கள். உலகில் பல வகைகளில் இப்படி இரண்டு இடங்கள். இந்தியாவில் பரவியிருக்கும் சி வகையில் பெரும்பாலும் மூன்று. நான்கு இடங்கள் கொண்ட வைரஸ்களையும் பெங்களூரு ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தினர் கண்டுபிடித்து 2012-ல் வெளியிட்டார்கள். செல்லுக்கு வரும் ‘எழுந்திரு’ என்ற உத்தரவை வைரஸும் கேட்கிறது, நம் ஊர் வகைக்குக் கூடுதலாகவே கேட்கிறது.

உங்கள் பாடப் புத்தகத்தில் இருக்க வாய்ப்பில்லாத ஒன்றையும் சொல்கிறேன். செல் முழுதாக விழிக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஐ.எல்-7 என்ற சைட்டோகைன் டி செல்களை உயிரோடு காப்பாற்றி வைப்பது. அது பட்ட செல், பார்வைக்கு ஓய்வில் இருப்பது போலவே இருக்கும், ஆனால் வைரஸுக்கு இடம் கொடுக்கத் தொடங்கிவிடும். சிடி4 எண்ணிக்கை குறையக் குறைய, ஈடுகட்டுவதற்காக உடம்பு ஐ.எல்-7 அளவை ஏற்றுகிறது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள உடம்பு செய்யும் இந்த ஏற்பாடு வைரஸுக்கும் தீனி போடுகிறது. எனக்கு இந்த நோயில் மிகவும் வேதனை தரும் இடம் இதுதான்.

அப்படியானால் ஓய்வில் இருக்கும் செல் தப்பித்ததா என்றால், அதுவும் இல்லை. பாதி கட்டிய டி.என்.ஏ.வை ஐஎஃப்ஐ16 என்ற உணரி கண்டுபிடித்து, செல்லை வெடித்துச் சாகச் செய்கிறது. சான் ஃபிரான்சிஸ்கோவின் கிளாட்ஸ்டோன் ஆய்வகத்தில், அறுவை சிகிச்சையில் எடுத்த டான்சில் திசுவை வைத்து வார்னர் கிரீன் குழு 2014-ல் இதை எழுதியது. அங்கே செத்த சிடி4 செல்களில் சுமார் 95 சதவீதம், வைரஸை உற்பத்தி செய்யவே இல்லாத செல்கள். வெடிக்கும்போது அவை கொட்டும் ஐ.எல்-1 பீட்டா அழற்சியைக் கிளப்பி, இன்னும் பல டி செல்களை அதே இடத்துக்கு இழுத்து வருகிறது.

எல்லாச் சமிக்ஞையும் வைரஸுக்கே உதவுகிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்டர்ஃபெரான் என்பது செல்களுக்குள் வைரஸ் தடுப்புப் புரதங்களை உண்டாக்கும் உத்தரவு. எச்.ஐ.வி.யின் உறவான எஸ்.ஐ.வி. என்ற குரங்கு வைரஸை வைத்து ரீசஸ் குரங்குகளில் நடந்த சோதனை ஒன்று 2014-ல் வெளியானது. தொற்றும் நேரத்தில் இன்டர்ஃபெரான் சமிக்ஞையைத் தடுத்த குரங்குகளில் நோய் வேகமாக முற்றியது. முன்கூட்டியே இன்டர்ஃபெரான் கொடுத்த குரங்குகள் தொடக்கத்தில் தொற்றை எதிர்த்து நின்றன. ஆனால் தொடர்ந்து கொடுத்துக்கொண்டே போனபோது உடம்பு அதைக் கேட்பதை நிறுத்திவிட்டது, சிடி4 இழப்பு அதிகமானது. ஒரே மருந்துதான், முதல் வாரத்தில் ஒரு விளைவு, பின்னால் வேறு விளைவு. தேர்வில் இந்தச் சோதனையை எழுதுங்கள்.

கேள்வி: நான் கிராம சுகாதார செவிலியர். வெள்ளைப்படுதல், அந்தரங்கப் புண் என்று பெண்கள் வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லாமலே இருந்துவிடுகிறார்கள். இதற்கும் எச்.ஐ.வி. வருவதற்கும் சம்பந்தம் இருக்கிறதா? தோல் கிழிந்திருந்தால் வைரஸ் நுழையும் என்று மட்டும் பயிற்சியில் சொன்னார்கள்.
— பெயர் வேண்டாம், தர்மபுரி மாவட்டம்

பதில்: சம்பந்தம் இருக்கிறது, சகோதரி. கிழிசல் அதில் ஒரு பகுதி. அதைவிடப் பெரிய காரணம், புண்ணும் அழற்சியும் இருக்கும் இடத்துக்கு உடம்பு அனுப்பும் சமிக்ஞை.

தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நடால் மாகாணத்தில் காப்ரிசா 004 என்ற ஆய்வில் கலந்துகொண்ட பெண்களின் பிறப்புறுப்புத் திரவத்தில் சைட்டோகைன்களை அளந்து பார்த்தார்கள். அழற்சி இருந்த பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு மற்றவர்களைப் போல மூன்று மடங்குக்கும் மேல் என்று 2015-ல் எழுதினார்கள். இவர்களில் நிறையப் பேருக்கு வெளியே தெரியும் தொந்தரவு எதுவும் இல்லை.

அந்தத் திரவத்தில் உயர்ந்திருந்தவற்றில் மிப்-1 ஆல்ஃபாவும் மிப்-1 பீட்டாவும் முக்கியமானவை. இந்த இரண்டும் எச்.ஐ.வி.யைத் தடுக்கும் என்று 1995-ல் ராபர்ட் கேலோவின் குழு சோதனைக் குழாயில் காட்டியிருந்தது. சிசிஆர்5-ஐ அடைத்துக்கொண்டுதான் தடுக்கின்றன என்பது அடுத்த வருடம் தெரிந்தது. அதே பொருள் பெண்ணின் உடம்பில் இருக்கும்போது தொற்று கூடுகிறதே, ஏன்? சோதனைக் குழாயில் செல்கள் எங்கும் போக முடியாது. திசுவில் மிப்-1 ஓர் அழைப்பு. அதைக் கேட்டு சிசிஆர்5 உள்ள டி செல்கள், அதாவது எச்.ஐ.வி. தேடும் செல்கள், அந்த இடத்தில் வந்து குவிகின்றன. வாசலை அடைக்கும் அளவு கொஞ்சம், கூப்பிட்டு வரும் ஆட்கள் நிறைய.

ஹெர்பிஸ் புண் உள்ளவர்களுக்கு எச்.ஐ.வி. ஆபத்து அதிகம் என்று பல வருடங்களாகத் தெரியும். ஹெர்பிஸ் வைரஸை அடக்கும் அசைக்ளோவிர் மாத்திரையைத் தினமும் கொடுத்தால் ஆபத்து குறையும் என்று நம்பி ஆப்பிரிக்கா, பெரு, அமெரிக்காவில் ஒரு பெரிய சோதனை நடத்தினார்கள். புண்கள் குறைந்தன, எச்.ஐ.வி. குறையவில்லை. அந்த முடிவு 2008-ல் வந்தபோது எங்கள் துறையில் பலருக்கும் மனசு உடைந்துபோனது. அடுத்த வருடமே சியாட்டிலிலிருந்து விளக்கம் வந்தது. புண் ஆறி, தோல் மூடி, மாத்திரையும் விடாமல் சாப்பிட்டவர்களின் அதே இடத்தில் துளி சதை எடுத்துப் பார்த்தால், சிசிஆர்5 உள்ள சிடி4 செல்கள் வாரக்கணக்கில், சிலரிடம் மாதக்கணக்கில், அங்கேயே தங்கியிருந்தன. தோல் மூடிவிட்டது, கூட்டம் கலையவில்லை. உங்கள் பயிற்சியில் சொல்லாமல் விட்ட பகுதி இதுதான்.

சிகிச்சையால் பலனே இல்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. தான்சானியாவின் முவான்சாவில், கிராம சுகாதார நிலையங்களில் பால்வினை நோய்களுக்கு உடனுக்குடன் நல்ல சிகிச்சை கொடுத்தபோது புதிய எச்.ஐ.வி. தொற்று சுமார் 40 சதவீதம் குறைந்தது. 1995-ல் வெளியான ஆய்வு அது. உகாண்டாவில் அறிகுறி உண்டா இல்லையா என்று பார்க்காமல் எல்லோருக்கும் சில மாதங்களுக்கு ஒருமுறை மருந்து கொடுத்துப் பார்த்தார்கள், அங்கே பலன் தெரியவில்லை. என் கணிப்பில் வித்தியாசம், தொந்தரவு வந்த அன்றே போகக்கூடிய ஓர் இடம் பக்கத்தில் இருந்ததுதான். உங்கள் துணை சுகாதார நிலையம் அப்படியான இடம். ஒருத்தி வெட்கத்தை விட்டு வந்து சொன்னால், அன்றைக்கே மருந்து கொடுங்கள், கணவரையும் வரச் சொல்லுங்கள், இருவரையும் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்துக்கு அனுப்புங்கள். தொந்தரவு இல்லாதவர்களையும் சோப்பு, கிருமிநாசினி எல்லாம் போட்டு உள்ளே கழுவக் கூடாது என்று எச்சரியுங்கள். நல்ல பாக்டீரியாக்கள் போய்விட்டால் அழற்சிக்கு வேறு காரணமே வேண்டாம்.

கேள்வி: சிலருக்கு எத்தனை முறை எச்.ஐ.வி. தொடர்பு ஏற்பட்டாலும் தொற்றாது என்கிறார்களே, உண்மையா? அவர்களுக்கு எதிர்ப்பு சக்தி அபாரமாக இருக்குமோ?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

பதில்: உண்மை, ஐயா. ஆனால் காரணம் நீங்கள் நினைப்பதற்கு நேர் எதிர்ப் பக்கத்தில் இருக்கிறது.

கென்யாவின் நைரோபியில் பும்வானி பகுதியைச் சேர்ந்த பாலியல் தொழிலாளிப் பெண்களை, கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகமும் நைரோபி பல்கலைக்கழகமும் சேர்ந்து 1980-களிலிருந்து கவனித்து வருகின்றன. அதை முன்னின்று நடத்திய ஃபிராங்க் ப்ளம்மர் 2020-ல் அதே நைரோபியில் காலமானார். பெரும்பாலான பெண்களுக்குத் தொற்று வந்துவிட்ட சூழலிலும், வருடக்கணக்கில் தொற்றாமலே இருந்த ஒரு சிறு குழு இருந்தது. அதைப் பற்றிய முக்கியமான கட்டுரை 1996-ல் வந்தது.

அவர்களுடைய டி செல்கள் மற்றவர்களுடையதைவிட அமைதியாக இருந்தன. தூண்டப்பட்டதற்கான அடையாளங்கள் குறைவு, அடக்கிவைக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்கள் அதிகம். கிருமி வந்தால் வேலை செய்யும் திறன் இருக்கிறது. சும்மா இருக்கும் நேரத்தில் சும்மா இருக்கிறது. இதை ‘நோயெதிர்ப்பு அமைதி’ என்று அழைக்கிறார்கள். இதே குழுவில் தொழிலைக் கொஞ்ச காலம் குறைத்துக்கொண்ட பெண்களில் சிலருக்குப் பின்னால் தொற்று வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆகவே இந்தப் பாதுகாப்பு நிரந்தரமானது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அமைதி மட்டுமே முழுக் காரணம் என்றும் நான் சொல்ல மாட்டேன்.

அமைதியை மருந்தால் உண்டாக்க முடியுமா என்று அதே நைரோபிக் குழு யோசித்தது. எச்.ஐ.வி. ஆபத்து குறைந்த பெண்களுக்கு ஆறு வாரம் தினமும் குறைந்த அளவு ஆஸ்பிரின் கொடுத்தார்கள். நம் ஊரில் இதயநோய்க்காரர்கள் சாப்பிடும் அதே சின்ன மாத்திரை மாதிரிதான். பிறப்புறுப்புத் திசுவில் எச்.ஐ.வி. தேடும் செல்களின் விகிதம் 35 சதவீதம் குறைந்தது. 2018-ல் இதைப் படித்த அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் இன்னும் குறையவில்லை.

உடனே யாரும் ஆஸ்பிரின் வாங்கி விழுங்க வேண்டாம். அந்த ஆய்வு அளந்தது செல்களை. தொற்று குறைகிறதா என்று அது பார்க்கவில்லை. ஆஸ்பிரின் வயிற்றில் ரத்தக் கசிவை உண்டாக்கக்கூடியது. ஆபத்தில் இருப்பவர்களுக்கு ஆணுறை இருக்கிறது, முன்கூட்டியே சாப்பிடும் தடுப்பு மாத்திரை இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் லெனகாபவிர் ஊசியை தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் 2,134 இளம் பெண்களுக்குப் போட்டபோது ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை என்ற செய்தி 2024-ல் வந்தது.

கேள்வி: என் தம்பி எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரை சாப்பிடுகிறான். வைரல் லோடு ‘தெரியவில்லை’ என்று வந்துவிட்டது, ஆனால் சிடி4 மெதுவாகத்தான் ஏறுகிறது. எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் பொடி ஒன்றைத் தெரிந்தவர் பெரிய விலைக்குத் தருகிறார். அதைச் சாப்பிடும்போது மாத்திரையைக் கொஞ்ச நாள் நிறுத்தச் சொல்கிறார். செய்யலாமா, டாக்டர்?
— பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: மாத்திரையை ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்.

வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் இருக்கும் வைரஸின் அளவு, தெரியாத அளவுக்கு இறங்கியது உங்கள் தம்பி ஒழுங்காகச் சாப்பிட்டதால்தான். அதற்காக அவரை நான் மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் வைரஸ் போய்விடவில்லை. தூண்டப்பட்ட காலத்தில் தொற்றி, பிறகு ஓய்வுக்குத் திரும்பிவிட்ட நினைவு டி செல்களின் மரபணுவில் அது பேசாமல் உட்கார்ந்திருக்கிறது. 1997-ல் மூன்று ஆய்வுக் குழுக்கள் இதைக் கண்டுபிடித்தன. இந்தச் சேமிப்பு பாதியாகக் குறையவே 44 மாதம் ஆகிறது. இந்தச் செல்களில் ஒன்று, ஒரு சளிக் காய்ச்சலின்போதோ வேறு எதற்கோ விழித்துக்கொண்டால், உள்ளே இருக்கும் வைரஸும் விழிக்கும். மாத்திரை இருந்தால் அது அடுத்த செல்லுக்குப் போக வழியில்லை. இல்லாவிட்டால் சில வாரங்களில் பழைய நிலை. ‘சிடி4 நன்றாக இருக்கும்போது நிறுத்தலாம், குறைந்தால் தொடங்கலாம்’ என்று 5,472 பேரை வைத்து ஸ்மார்ட் என்ற சோதனை நடந்தது. நிறுத்தியவர்கள் பக்கம் நோயும் சாவும் அதிகமானதால் 2006-ல் பாதியிலேயே முடித்துக்கொண்டார்கள்.

எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பொடியில் என்ன இருக்கிறதோ. ஆனால் உண்மையிலேயே சிடி4-ஐக் கூட்டும் பொருள் ஒன்று உண்டு, மேலே ஃபிளாஸ்க்கில் போட்டதாகச் சொன்ன ஐ.எல்-2. அதை ஏ.ஆர்.டி. சாப்பிடுபவர்களுக்கு ஊசியாகப் போட்டு எஸ்ப்ரிட், சில்காட் என்ற இரண்டு பெரிய சோதனைகளில் வருடக்கணக்கில் கவனித்தார்கள். சிடி4 எண்ணிக்கை நிஜமாகவே ஏறியது. நோயும் மரணமும் குறையவில்லை. 2009-ல் அந்த முடிவு வந்ததோடு அந்தச் சிகிச்சை கைவிடப்பட்டது. ஐ.எல்-2-ஆலேயே முடியாததை ஒரு பொடி செய்யும் என்று நான் நம்பவில்லை. பல மூலிகைக் கலவைகள் ஈரலில் மாத்திரையோடு மோதுவதும் உண்டு. எது சாப்பிட்டாலும் மையத்தில் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத்தான்.

மெதுவாக ஏறுவது பலருக்கு நடப்பதுதான். தொற்று வந்த ஆரம்ப வாரங்களிலேயே குடலின் டி செல்கள் பெருமளவு அழிந்துவிடுகின்றன. குடல் சுவர் பலவீனமாகி, பாக்டீரியாவின் துணுக்குகள் ரத்தத்தில் கசிந்து, டி செல்களை விடாமல் உசுப்பிக்கொண்டே இருக்கின்றன. மாத்திரை இதைக் குறைக்கும், முழுதாக நிறுத்தாது. அதனால்தான் புகையை விடுங்கள், காசநோய்ப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள், தடுப்பூசிகளைக் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள் என்று மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். பொடிக்கு ஒதுக்கிய பணத்தில் தினமும் முட்டையும் பருப்பும் வாங்கிக் கொடுங்கள். ஏ.ஆர்.டி. இலவசம். 2004 ஏப்ரலில் தாம்பரம் சானடோரியத்தில் அது தொடங்கியபோது வரிசையில் நின்றவர்களின் முகங்கள் எனக்கு மறக்காது. சந்தேகம் வந்தால் 1097-க்கு அழைத்துப் பேசலாம், பெயர் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: சிசிஆர்5 மரபணு குறையோடு பிறந்தவர்களுக்கு எச்.ஐ.வி. வராதாமே? எனக்கு அது இருக்கிறதா என்று பார்க்க டெஸ்ட் எடுக்கலாமா?
— பொறியாளர், ஓசூர்

பதில்: டெல்டா-32 என்ற அந்த மாற்றத்தை அப்பா அம்மா இருவரிடமிருந்தும் பெற்றவர்கள் வட ஐரோப்பாவில்கூட நூற்றுக்கு ஒருவர்தான். நம்மவர்களிடம் மிக மிக அரிது. அப்படிப்பட்ட ஒருவரின் எலும்பு மஜ்ஜை செல்களைப் பெற்றுத்தான் ‘பெர்லின் நோயாளி’ டிமதி ரே பிரவுன் குணமானார். அது ரத்தப் புற்றுநோய்க்காகச் செய்த, உயிருக்கே ஆபத்தான சிகிச்சை. சிசிஆர்5-க்குப் பதிலாக சிஎக்ஸ்சிஆர்4 என்ற வேறொரு புரதம் வழியாக நுழையும் எச்.ஐ.வி.யும் இருக்கிறது, அதை இந்த மாற்றம் தடுக்காது. மரபணு டெஸ்ட்டுக்குச் செலவு செய்ய வேண்டாம். உங்களுக்குச் சந்தேகப்படக் காரணம் இருந்தால் நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. டெஸ்ட் எடுத்துக்கொள்ளுங்கள். இலவசம்தான், முடிவையும் உங்களிடம் மட்டும்தான் சொல்வார்கள்.